பாட்டில்லாத கோளம்: ‘கலை அரசி’யை மறுபடி பார்த்தல்

‘கலை அரசி’யை நான் முதலில் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கேபிள் டிவியில். திருப்பூர் வேலம்பாளையத்தில் லைன் வீடு. எட்டுக் குடித்தனத்தில் இரண்டு வீட்டில்தான் டிவி. சனிக்கிழமை ராத்திரி சம்பளம், ஞாயிற்றுக்கிழமை காலையில் கறி, மத்தியானம் எம்ஜிஆர் படம், சாயங்காலம் துணி துவைப்பு என்று வாரம் முடிகிற ஊர் இது. படத்தில் பறக்கும் தட்டு ஒன்று பூமிக்கு வந்தது. அதிலிருந்து வந்த நம்பியார் பானுமதியைத் தூக்கிக்கொண்டு வானத்துக்குப் போய்விட்டார். பிள்ளைகள் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். வேறு கோளிலிருந்து வந்தாலும் நம்பியார் நம்பியார்தானே. பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே சொன்னாள்: “அந்தா, ஏஜெண்டு வந்து கூட்டிட்டுப் போயிட்டான்ல!”

வீடே சிரித்தது. சித்தி மட்டும் எழுந்து வெளியே போய்த் தண்ணீர்க் குடத்தை இடம் மாற்றி வைத்தாள். அவளுடைய மூத்த மகள், எனக்கு அக்கா முறை, அப்போது ஒரு நூல் மில்லின் விடுதியில் மூன்று வருஷக் கணக்கில் இருந்தாள். உசிலம்பட்டிப் பக்கத்து ஊரிலிருந்து வேனில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். அம்மா அதை மனதில் வைத்துச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். வாயில் வந்தது, சொன்னாள். ஆனால் வாயில் ஏன் அதுதான் வந்தது? அறிவியல் புனைகதை, விண்வெளிப் படம் என்றெல்லாம் இன்றைக்கு வகை பிரித்து அடுக்கிவைக்கப்படுகிற ஒரு பிரதியை, பள்ளிக்கூடம் எட்டாவதோடு நின்றுபோன ஒரு பெண் ஒரே வாக்கியத்தில் வாசித்துவிட்டாள். எம்.ஏ. தமிழ் படித்துவிட்டு, கோட்பாடு அது இது என்று பத்து வருஷம் சுற்றியபிறகு அந்த வாக்கியத்துக்கு ஒரு உரை எழுதிப் பார்க்கலாம் என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

*

படம் பார்த்திராத நண்பர்களுக்குக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1963 ஏப்ரலில் வந்த படம். இயக்கம் ஏ. காசிலிங்கம், இசை கே.வி. மகாதேவன். விண்ணில் ஒரு கோள். விஞ்ஞானத்தில் பூமியை எங்கோ பின்னுக்குத் தள்ளிவிட்ட கோள், ஆனால் அங்கே சங்கீதமோ நாட்டியமோ கிடையாது. இந்தக் குறையைத் தீர்க்க, கலை தெரிந்த ஒரு ஆளைப் பூமியிலிருந்து கொண்டுவந்து கற்றுத்தரச் சொல்லலாம் என்று முடிவாகிறது. தின்னா என்கிற வேற்றுக்கோள்காரன் (நம்பியார்) வந்து வாணியை (பானுமதி) கடத்திக்கொண்டு போகிறான். வாணியின் காதலன் மோகன் (எம்ஜிஆர்) ஒரு விவசாயி. வாணியைப் போலவே முகம் கொண்ட, புத்தி பேதலித்த வள்ளி என்கிற பெண் ஊரில் கிடைக்கிறாள், இதுவும் பானுமதிதான். அவளை வாணி என்றே நம்புகிறார்கள். உண்மை தெரிந்ததும் மோகன் விண்கலத்தில் ஏறி அந்தக் கோளுக்குப் போகிறான். அங்கே தன்னைப் போலவே இருக்கிற ஒரு கோமாளி செத்துப்போக, அந்தக் கோமாளியாக வேஷம் போட்டு அரண்மனைக்குள் நுழைகிறான். இளவரசி (ராஜஸ்ரீ) அவன்மேல் ஆசைப்படுகிறாள். கடைசியில் தின்னாவை வென்று வாணியைக் கூட்டிக்கொண்டு பூமிக்குத் திரும்புகிறான்.

வேற்றுக்கோள்வாசிகள் பூமிக்கு வருவதைக் காட்டிய முதல் இந்தியப் படம் இதுதான் என்று சொல்கிறார்கள். இருக்கட்டும், அந்தப் பெருமையில் எனக்குப் பெரிய ஈடுபாடு இல்லை. 1961 ஏப்ரலில் ககாரின் விண்வெளிக்குப் போய்வந்தார். ‘கலை அரசி’ வந்து ஏழு மாதம் கழித்து, 1963 நவம்பர் 21ஆம் தேதி, கேரளத்தின் தும்பாவிலிருந்து இந்தியாவின் முதல் ராக்கெட் போனது. அமெரிக்காவிலிருந்து வந்த ராக்கெட். அலுவலகமாக இருந்தது மீனவர்களின் மாதா கோவில். ராக்கெட்டின் கூம்பைச் சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிற புகைப்படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அந்தச் சைக்கிளும் ‘கலை அரசி’யின் பறக்கும் தட்டும் ஒரே காலத்து வாகனங்கள். வானம் திடீரென்று தொழிற்சாலை ஆகிக்கொண்டிருந்த நேரம் அது.

நம் சிறுபத்திரிகைகளில் எம்ஜிஆர் படத்தை எடுத்தாலே உடனே தேர்தலுக்குப் போய்விடுவது வழக்கம். எம்.எஸ்.எஸ். பாண்டியனின் ‘இமேஜ் ட்ராப்’ 1992இல் ஆங்கிலத்தில் வந்தபிறகு அந்தப் பாதை தார்ச்சாலையாகவே ஆகிவிட்டது. ஏழைகள் தங்களுக்கு எதிரான ஓர் அரசியலை எப்படித் தங்கள் சம்மதத்தோடு ஏற்றார்கள் என்ற கேள்வி அது; முக்கியமான கேள்வி. ஆனால் அந்தக் கேள்வியோடு மட்டும் போனால் ‘எங்க வீட்டுப் பிள்ளை’ கிடைக்கும், ‘கலை அரசி’ கிடைக்காது. பொழுதுபோக்கு, குழந்தைத்தனம் என்று தள்ளிவிடுவோம். குடும்பத்தோடு உட்கார்ந்து சிரித்துவிட்டு மறந்துபோகிற படங்களில்தான் ஒரு சமூகம் தன் பயங்களைக் கொஞ்சம் அசட்டையாகப் போட்டுவைத்திருக்கும் என்பது என் எண்ணம்.

*

இந்தப் படத்தின் முதல் ஆச்சரியம், அது வானத்தைத் தலைகீழாக்கியது. நம் மரபில் சங்கீதம் மேலேயிருந்து வருவது. கந்தர்வர், கின்னரர், தும்புரு, நாரதர் என்று பாடுகிறவர்கள் எல்லாரும் மேலுலகத்து ஆட்கள். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் மாதவியின் வழி ஊர்வசியிடம் போய் நிற்கிறது. சாபத்தால் மண்ணுக்கு வந்ததுதான் ஆட்டமும் பாட்டும். மண்ணுக்குரியவர்கள் அதை வாங்கிக்கொள்கிறவர்கள், அவ்வளவுதான். 1963இல் ஒரு கமர்ஷியல் படம், எந்த அறிக்கையும் விடாமல், இதைக் கவிழ்த்துவிட்டது. வானத்தில் எல்லாம் இருக்கிறது, பாட்டு மட்டும் இல்லை. அது மண்ணில்தான் இருக்கிறது. வானம் மண்ணிடம் திருட வருகிறது. ஊர்வசிக்குக் கிடைத்த சாபம் வாணிக்கு எதிர்த்திசையில் கிடைக்கிறது.

இரண்டாவது, புரவலன். ஆற்றுப்படை படித்தவர்களுக்குத் தெரியும்: பசியோடு போகிற பாணனை, விறலியை, பரிசில் பெற்றுவந்த இன்னொரு கலைஞர் வழியில் மறித்து, ‘இன்னாரிடம் போ, இப்படிப் போ, இது கிடைக்கும்’ என்று வழிகாட்டுவார். கலைஞர் நடந்து புரவலனிடம் போவார். அந்த உறவில் இருந்த ஏற்றத்தாழ்வை நான் மறைக்கவில்லை, பசிதானே நடக்கவைத்தது. ஆனாலும் நடந்து போகிறவருக்குத் திரும்பி நடக்கிற கால் இருந்தது. ‘கலை அரசி’யில் புரவலனே வண்டி அனுப்புகிறான். வழிகாட்டுகிற இன்னொரு கலைஞர் இருந்த இடத்தில் இப்போது தின்னா இருக்கிறான், அதாவது ஏஜெண்டு. கேட்டுவிட்டுக் கூட்டிப் போவதில்லை. ‘உன் திறமை எங்களுக்கு வேண்டும், உனக்கு அங்கே ஒரு குறையும் இருக்காது’ என்பதுதான் அந்தப் பயணத்தின் தர்க்கம். குறை இருக்காது என்பதும் பெரும்பாலும் நிஜம்தான். சாப்பாடு உண்டு, படுக்கை உண்டு, கதவுக்கு வெளியே காவலும் உண்டு.

டார்கோ சூவின் என்கிற விமர்சகர் அறிவியல் புனைகதைக்கு ஓர் இலக்கணம் சொன்னார்: அறிவுக்கு உட்பட்ட அந்நியமாக்கல். அதாவது, நமக்குப் பழகிப்போன ஒன்றைப் பழகாத ஓரிடத்தில் கொண்டுபோய் வைத்து, ‘இது என்ன?’ என்று கேட்கவைப்பது. பிரெக்ட் மேடையில் செய்ததன் இன்னொரு வடிவம். தேவதைக் கதையிலும் விசித்திரம் உண்டு, ஆனால் அங்கே கேள்வி எழாது. மந்திரம் என்று முடிந்துவிடும். விண்கலம் மந்திரம் இல்லை. யாரோ செய்தது, யாரோ ஓட்டுவது, யாருக்கோ லாபம் தருவது. பெண் காணாமல்போவதை மோகினி, காத்து, கருப்பு என்று சொல்லி அமைதியடைகிற ஊரில், அவளை ஒரு எந்திரம் ஏற்றிக்கொண்டு போனது என்று இந்தப் படம் சொன்னது. அம்மா சிரித்துக்கொண்டே அந்த எந்திரத்துக்கு டிரைவர் யார் என்று சொல்லிவிட்டாள்.

*

சுமங்கலித் திட்டம் பற்றி இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. கல்யாணம் ஆகாத பெண், பதினான்கு பதினைந்து வயதுகூட இருக்கலாம்; மூன்று வருஷ ஒப்பந்தம்; மில்லுக்குள்ளேயே விடுதி; மாதம் கைக்குக் கொஞ்சம்; மூன்று வருஷம் முழுசாக முடித்தால் கடைசியில் ஒரு மொத்தத் தொகை, கல்யாணச் செலவுக்கு என்று. இடையில் உடம்புக்கு முடியாமல் வந்துவிட்டால் அந்தத் தொகை பெரும்பாலும் போனதுதான். மாங்கல்யத் திட்டம், திருமகள் திருமணத் திட்டம் என்றெல்லாம் பேர் மாறும். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் மாவட்டத்து நூல் மில்களில் நடந்தது. பேரை எடுத்துவிட்டு, ‘கேம்ப் கூலி’ என்று நடப்பதும் அதன் தம்பிதான். பேர் வைத்தவருடைய மொழித் திறமையை மெச்ச வேண்டும். கூலி என்ற சொல்லைத் தாலி என்ற சொல்லால் மூடிவிட்டார். அல்தூஸர் சொல்கிற ‘அழைத்தல்’ இதுதான்: ‘ஏய் தொழிலாளி’ என்று கூப்பிட்டால் அவள் சங்கம் கேட்பாள், ‘அம்மா சுமங்கலி’ என்று கூப்பிட்டால் தலை குனிந்து வருவாள்.

படத்தில் எனக்கு ரொம்ப நாள் புரியாமலிருந்த ஒரு பகுதி வள்ளி. கதைக்கு அவள் எதற்கு? இரட்டை வேடம் காட்டுகிற ஆசை என்று விட்டுவிடலாம். ஆனால் கடத்தப்பட்ட பெண்ணின் இடத்தில் அதே முகத்தோடு, நினைவு கலங்கிய இன்னொருத்தியை ஊர் வைத்துக்கொள்கிறது, இவள்தான் அவள் என்று நம்பவும் செய்கிறது. அக்கா மூன்று வருஷம் கழித்துத் திரும்பி வந்தாள். இருமல் இருந்தது. பஞ்சுத் தூசி என்று டாக்டர் சொல்வதற்கு முன்னாலேயே எங்களுக்குத் தெரியும். சின்ன வயசில் ஒப்பாரிக்குக்கூட ராகம் சேர்ப்பவள் என்று ஊரில் அவளுக்குப் பேர். வந்தபிறகு பாடவில்லை. சித்தி ஒருநாள் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னாள்: “எம்பொண்ணு மாதிரியே இருக்கா, ஆனா எம்பொண்ணு இல்லக்கா.” அன்றைக்குத்தான் எனக்கு வள்ளி புரிந்தாள். சொன்ன தொகையில் பாதிதான் கொடுத்தார்கள். அதற்கு ஒரு கணக்குச் சீட்டும் கொடுத்தார்கள். மில் பேரை எழுத அக்கா சம்மதிக்கவில்லை, எழுதவில்லை.

*

இனி பாட்டுக்கு வருகிறேன். படம் சொல்கிறபடி, எந்திரம் வளர்ந்த இடத்தில் பாட்டு இருக்காது. திருப்பூருக்கு வந்து பார்த்தால் இது பொய் என்று ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். இங்கே பாட்டு இல்லாத கம்பெனி கிடையாது. பவர்டேபிள் ஹாலில் நுழைந்தால் ஓவர்லாக், பேட்லாக் மெஷின்களின் இரைச்சலுக்கு மேலே ஏறி நிற்கிற மாதிரி ஸ்பீக்கர் வைத்திருப்பார்கள். முன்னே டேப் ரிக்கார்டர், பிறகு எஃப்.எம்., இப்போது யாருடைய போனோ ப்ளூடூத்தில். காலை எட்டரைக்கு பக்திப் பாட்டில் ஆரம்பிக்கும். ஒன்றரை ஷிப்ட் ஓடுகிற நாளில் ராத்திரி எட்டு மணிக்குத் தூக்கம் அடிக்கிற நேரத்தில் குத்துப் பாட்டு வரும். அது தற்செயல் இல்லை. காண்ட்ராக்டர் ஒருவர் என்னிடமே சொன்னார்: “மெல்லப் பாட்டுப் போட்டா பீஸ் இறங்காதுங்க.”

இந்த ஞானம் அவருடைய கண்டுபிடிப்பு இல்லை. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, 1940 ஜூனில், பிபிசி வானொலி ‘வேலைக்கு நடுவே இசை’ என்கிற மாதிரி ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கியது. ஆயுதத் தொழிற்சாலைகளில் உற்பத்தி குறையாமல் இருக்க, ஒரே சீரான தாளத்தில் பாட்டுகள். 1967 வரை ஓடியது. அதில் ஒரு வேடிக்கை: கேட்கிறவர்கள் கைதட்ட வேண்டிய இடம் வருகிற ஒரு அமெரிக்கப் பாட்டைப் போடக் கூடாது என்று வைத்திருந்தார்கள். தொழிலாளிகள் தாளத்துக்குக் கையில் இருக்கிற கருவியால் மெஷினைத் தட்டினார்கள், வேலை நின்றது. பாட்டு வேண்டும், ஆனால் கை அதில் சேரக் கூடாது.

கையும் பாட்டும் சேர்ந்திருந்ததுதான் நம் தொழில் பாட்டு. சிலப்பதிகாரத்து நாடுகாண் காதையில் உழவர்களின் ஏர்மங்கலமும் போரடிக்கிறவர்களின் முகவைப் பாட்டும் வருகின்றன. உலக்கை போடுகிறவர்களுக்கு வள்ளைப்பாட்டு தனியாக உண்டு. கவலை, ஏற்றம், நடவு என்று எல்லாவற்றுக்கும் பாட்டு. அதை நான் தங்கக் காலமாக வர்ணிக்கவில்லை. நடவு நட்டவர்களின் முதுகை வரப்பில் நின்று பார்த்தவர்கள்தான் அதன் அழகை எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஒரு வித்தியாசம் சொல்லலாம்: ஏற்றப்பாட்டில் வேகத்தை வைப்பது பாடுகிறவன் மூச்சு. மூச்சு வாங்கினால் பாட்டு நிற்கும், பாட்டு நின்றால் ஏற்றம் நிற்கும். பவர்டேபிளில் வேகத்தை வைப்பது மோட்டார், பாட்டு அதற்குக் கூஜா தூக்குகிறது. அடோர்னோ, ஹொர்க்ஹைமர் இருவரும் பண்பாட்டுத் தொழிற்சாலை பற்றி எழுதியபோது, ஓய்வு நேரம் வேலையின் நீட்சியாகிவிட்டது என்றார்கள். இங்கே வேலைக்குள்ளேயே ஓய்வை ஊசிபோல் ஏற்றுகிறார்கள்.

ஆகவே ‘கலை அரசி’ தவறாகச் சொன்னது, அதே நேரத்தில் சரியாகவும் சொன்னது. எந்திரக் கோளத்தில் பாட்டு இல்லாமல் இல்லை. பாடுகிறவர் இல்லை. இரைச்சலில் தானாகப் பாடினால் அடுத்த மெஷின்காரிக்குக் கேட்காது. அம்மா பாடுவாள், எனக்குத் தெரியும். ஆனால் அவள் பாடுவது செக்கிங் டேபிளில், கரண்ட் போன நேரத்தில் மட்டும். மின்வெட்டு பத்து மணி நேரத்துக்கு மேல் போன 2012ஆம் வருஷம் முதலாளிகளுக்கு நாசம், பீஸ் ரேட் ஆட்களுக்கு அதைவிட நாசம். அந்த வருஷத்தைப் பற்றி அம்மா இன்றைக்கும், “அப்பத்தான் நல்லாப் பாடினோம்” என்பாள். இதை ஒரு புரட்சியாக்கி எழுத எனக்கு விருப்பமில்லை. அந்த மாதங்களில் வட்டிக்கு வாங்கித்தான் சாப்பிட்டோம்.

*

இனி, மோகன். வேற்றுக்கோளை எதிர்கொள்கிறவன் ஏன் விவசாயியாக இருக்க வேண்டும்? இது ‘கலை அரசி’யோடு முடிந்த விஷயம் இல்லை. 2024 பொங்கலுக்கு வந்த ‘அயலான்’, குழந்தைகளும் குடும்பமும் சேர்ந்து பார்க்கிற வேற்றுக்கோள்வாசி நகைச்சுவை. அதிலும் நாயகன் மலைக்கிராமத்து விவசாயி. அறுபத்தொரு வருஷ இடைவெளி. ராக்கெட் நிலவுக்கே போய்விட்டது. தமிழ் சினிமாவில் வேற்றுக்கோள்வாசியைச் சந்திக்க இன்னும் ஏர் பிடிக்கிறவனைத்தான் அனுப்புகிறார்கள். மில்காரன் ஒருத்தனைக்கூட அனுப்பவில்லை. மண்ணும் கலையும் அன்பும் ஒரு பக்கம், எந்திரமும் வானமும் பேராசையும் மறுபக்கம் என்ற எதிர்வு அவ்வளவு சௌகரியமாக இருக்கிறது. எந்திரம் என்றால் அது எங்கிருந்தோ வந்த அயலானுடையது, நம்முடையது அல்ல.

திருப்பூர் இந்த எதிர்வை உடைத்துவிடுகிற ஊர். இங்கே பறக்கும் தட்டை ஓட்டிவந்தவன் யார் என்று பார்த்தால், அவன் மோகன். ஷராத் சாரி 2004இல் வெளியான தன் ஆய்வு நூலில் விரிவாகக் காட்டியது இதுதான்: தோட்டத்திலிருந்து வந்த கவுண்டர் விவசாயிகளில் ஒரு பகுதியினர் பனியன் கம்பெனியில் கூலிகளாகச் சேர்ந்து, தங்கள் ‘உழைப்பு’ என்ற ஒற்றைச் சொல்லையே மூலதனமாகக் காட்டி முதலாளிகள் ஆனார்கள். ‘நானும் உன்ன மாதிரி மெஷின் மிதிச்சவந்தான்’ என்பது இந்த ஊரின் மிக வலுவான கதையாடல். அது பொய்யும் இல்லை, அதனால்தான் வலுவானது. எல்லாரும் உழைத்தார்கள், ஆனால் யாருடைய உழைப்பு கம்பெனியாக மாறியது, யாருடையது இருமலாக மாறியது என்பதில் சாதியும் நிலமும் ஆணும் பெண்ணும் இருந்தன. 1984இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்த ஊர் இது. அதற்குப் பின்னால்தான் வேலை கம்பெனியிலிருந்து காண்ட்ராக்டுக்கும் சின்னச் சின்ன யூனிட்டுகளுக்கும் மேலும் மேலும் சிதறியது. விவசாயி கதாநாயகனாகவும் தின்னாவாகவும் ஒரே ஆளாக இருக்கிறபோது, இரட்டை வேடத்துக்கு மூன்றாவதாக ஒன்று தேவைப்படுகிறது.

நொய்யலை மட்டும் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறேன். சாயக்கழிவால் ஆறு செத்ததென்று 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதே, அந்த வழக்கை நடத்தியவர்கள் ஆற்றின் கீழ்ப்பகுதி விவசாயிகள். மேலே பட்டறை வைத்திருந்தவர்களில் எத்தனையோ பேருக்கு அப்பன் பாட்டன் விவசாயி. மண் வானத்தின்மேல் வழக்குப் போட்டது என்று யாரும் எளிதாக எழுதிவிட முடியாது.

*

பானுமதியை விட்டுவிட்டு இந்தப் படத்தைப் பேசக் கூடாது. சொந்தக் குரலில் பாடி நடித்தவர். ‘சண்டிராணி’யை (1953) மூன்று மொழிகளில் இயக்கியவர், சொந்தமாக ஸ்டூடியோ வைத்திருந்தவர், தெலுங்கில் மாமியார் கதைகள் எழுதிச் சிரிக்கவைத்தவர். எம்ஜிஆரின் சொந்தத் தயாரிப்பான ‘நாடோடி மன்ன’னில் (1958) கருத்து வேறுபட்டு பாதியில் வெளியேறினார், கதையில் அவருடைய பாத்திரத்தைச் சாகடித்துவிட்டு மேலே போனார்கள். ஐந்து வருஷம் கழித்து அதே எம்ஜிஆர் இவரை மீட்க விண்வெளிக்குப் போவதாகக் கதை. இந்தப் பின்னணி தெரிந்து பார்த்தால், வாணி அந்தக் கோளில் நிற்கிற நிற்பில் ஒரு கைதியின் பயத்தைவிட, ‘என்னைக் கேக்காம யாருடா முடிவு பண்ணினது’ என்கிற எரிச்சல்தான் எனக்குத் தெரிகிறது. மீட்கப்பட வேண்டியவள் மாதிரி அவருக்கு நடிக்கவே வரவில்லை. அதுதான் படத்தைக் காப்பாற்றுகிறது.

1980களின் நடுவில் பானுமதி சென்னை அரசு இசைக் கல்லூரியின் முதல்வராக இருந்தார். அப்போது முதலமைச்சர் எம்ஜிஆர். சங்கீதம் சொல்லித்தரக் கடத்திக்கொண்டு போகப்பட்டவர், கடைசியில் சம்பளத்துக்குச் சங்கீதம் சொல்லித்தருகிற இடத்தில் உட்கார்ந்தார். நியமன உத்தரவோடு, வேண்டாமென்றால் விட்டுப் போகிற உரிமையோடு. கதைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அந்தக் காகிதம்தான். சங்கத்துக்காரர்கள் அந்தக் காகிதத்தைத்தான் இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது தின்னாவுக்கு விண்கலமே தேவையில்லை. 2024இல் ‘லால் சலாம்’ படத்தில் இறந்துபோன பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலைச் செயற்கை நுண்ணறிவு கொண்டு உருவாக்கிப் பாடவைத்தார் ஏ.ஆர். ரஹ்மான். குடும்பத்தின் சம்மதம் வாங்கி, ஊதியமும் கொடுத்ததாகச் சொன்னார், நல்லது. அதே ஆண்டில் இன்னொரு படத்தில் பவதாரிணியின் குரலும் வந்தது. எந்திரக் கோளம் கடைசியில் பாடக் கற்றுக்கொண்டுவிட்டது. ஆளைத் தூக்காமல் குரலை மட்டும் எடுத்துக்கொள்ள முடிகிறபோது கடத்தல் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. பிரபலமான குரலுக்கு யாரையாவது சம்மதம் கேட்பார்கள். ஒப்பாரிக்காரியின் குரலுக்கு யாரைக் கேட்பார்கள்? தையலையும் இப்படித்தான் கேமரா வைத்து நிமிஷத்துக்கு நிமிஷம் எடுக்கிறார்கள். எந்த டைலர் எந்த ஆபரேஷனுக்கு எத்தனை விநாடி என்று கணக்கெடுப்பதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். கையின் தாளம் முதலில் அளக்கப்படும், பிறகு கை தேவைப்படாது.

*

போன மாதம் படத்தை மறுபடி பார்த்தேன். இந்த முறை லேப்டாப்பில், அக்கா வீட்டில். அவளுக்கு இப்போது வயசு நாற்பதுக்கு மேல். பெருமாநல்லூர் பக்கம் வீட்டிலேயே பீஸ் வாங்கி நூல் பிசிறு வெட்டிக் கொடுக்கிறாள். கத்திரியைக் கீழே வைக்காமலேயே பார்த்தாள். நம்பியார் வந்தபோது அவளுடைய பையன் சிரித்தான். அவளும் சிரித்தாள். அம்மா அன்றைக்குச் சொன்னதை அவளுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “பெரியம்மா சரியாத்தான் சொல்லியிருக்கு. ஆனா எங்க ஏஜெண்டு பொம்பள” என்றாள்.

கோமாளி செத்து, அவன் பேரில் மோகன் அரண்மனை வேலைக்குச் சேருகிற இடத்தில் மேல்வீட்டு ஒடிசாப் பையன் இரண்டு பேர் வாசலில் வந்து நின்று பார்த்தார்கள். பாஷை புரியவில்லை, கதை புரிந்தது. ஒருத்தன் இன்னொருத்தனைக் காட்டி ஏதோ சொல்ல, இரண்டு பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். விசாரித்தேன். ஊருக்குப் போன ஒருத்தனின் கார்டில்தான் இவன் நாலு மாசம் வேலை பார்த்தானாம், அவன் பேர் சொல்லிக் கூப்பிட்டால் இப்போதும் திரும்பிவிடுகிறானாம். பாட்டு வந்தபோது அக்கா சவுண்டைக் கூட்டச் சொன்னாள். கூட்டினேன். வெளியே பக்கத்து யூனிட்டின் நிட்டிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பானுமதியின் குரல் அதற்குள் அமுங்கி அமுங்கி வந்தது. கத்திரி ஓடிக்கொண்டேயிருக்க, அக்கா அடுத்த அடியை வாய்க்குள் முணுமுணுத்தாள், ராகம் கொஞ்சம் தள்ளிப்போய். இருமல் வந்ததும் நிறுத்திக்கொண்டாள். பையன், “இன்னொருக்கா பாடுமா” என்றான். “பீஸ் எடுக்க வந்துருவாங்க, தள்ளு” என்றாள்.